வலைப்பூ எழுதினால் வருமானம் வருமா?



கொஞ்ச நாளாக எந்தக் குழுவின் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "மேடம், பிளாக் எழுதினா வீட்டிலிருந்தே மாசம் இருபதாயிரம் வருதாமே, நிசமா?" கேட்பவர்களில் பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஐம்பது வயதைத் தாண்டிய ஊக்குநர்களும் இருக்கிறார்கள். கூட்டத்தில் சேமிப்பு வசூல், கடன் தவணை, வங்கி வேலை எல்லாம் முடிந்து எழுந்திருக்கிற நேரத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. அதனால் இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு குழுவில் ஆறு பேருக்கு ஆளுக்கு 5,000 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் உள்கடன் கொடுக்கத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். என்ன கடன் என்று கேட்டால், பிளாக் எழுதப் பயிற்சிக் கட்டணமாம். ஊருக்கு வந்த ஒரு ஆள், "பணத்தைக் கட்டுங்க, நாங்களே பிளாக் திறந்து கொடுப்போம், மூணாம் மாசத்திலிருந்து வருமானம் உறுதி" என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு பேர் முன்பணமாக 500 ரூபாயும் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு எல்லோருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். கடன் கொடுக்கவில்லை. அந்த 500 ரூபாய் இன்றுவரை திரும்பி வரவும் இல்லை.

அன்று போட்ட கணக்கைத்தான் எல்லாக் குழுக்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வலைப்பூ என்றால் என்ன?

பிளாக் என்பதைத் தமிழில் வலைப்பூ என்று சொல்கிறார்கள். இணையத்தில் நமக்கென்று இருக்கும் ஒரு எழுதும் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதி, படம் சேர்த்துப் போட்டால், போன் வைத்திருக்கிற யாரும் எந்த ஊரிலிருந்தும் படிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் போடுகிற செய்தி அடுத்த நாளே மேலே போய்க் காணாமல் போய்விடும். வலைப்பூவில் எழுதியது அங்கேயே இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒருவர் கூகுளில் "சத்துமாவு செய்வது எப்படி" என்று தேடினாலும் நாம் எழுதியது அவர் கண்ணில் படலாம்.

இதைத் திறக்கக் காசு வேண்டாம். கூகுள் நிறுவனத்தின் பிளாக்கர் என்ற சேவை இலவசம். ஒரு ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், அரை மணி நேர வேலை. சொந்தப் பெயரில் முகவரி வேண்டும் என்றால் வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கலாம். முதல் வருடம் அது தேவையே இல்லை. கடை நடக்குமா என்று தெரியும் முன்பே பெயர்ப் பலகைக்குச் செலவு செய்வானேன்?

காசு எங்கிருந்து வருகிறது?

நாம் எழுதியதற்காக யாரும் நேரடியாகக் கூலி கொடுப்பதில்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்தில் கூகுள் விளம்பரம் போடும். சோப்பு, செல்போன், நகைக்கடை என்று ஏதாவது விளம்பரம். அந்தக் கம்பெனிகள் கூகுளுக்குப் பணம் கொடுக்கின்றன. அதில் நமக்கு ஒரு பங்கு. இந்த ஏற்பாட்டுக்கு ஆட்சென்ஸ் என்று பெயர். விளம்பரம் கொடுப்பவர் செலுத்துவதில் ஏறத்தாழ 68 சதவீதம் எழுதுபவருக்கு வரும்.

தமிழில் 2003, 2004-ஆம் ஆண்டுகளிலேயே நிறையப் பேர் வலைப்பூ எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கதை, கவிதை, சமையல், அரசியல் என்று அருமையாக எழுதினார்கள். ஆனால் அப்போது விளம்பர வருமானத்துக்கு வழியில்லை. ஆட்சென்ஸ் 2003-லேயே தொடங்கியிருந்தாலும் நம் மொழிகளை ஏற்கவில்லை. ஹிந்திக்கு 2014 டிசம்பரிலும் தமிழுக்கு 2018 பிப்ரவரியிலும்தான் கதவு திறந்தது. அதாவது முதலில் வந்து பதினான்கு, பதினைந்து வருடம் எழுதியவர்கள் ஆசைக்காக எழுதினார்கள், காசுக்காக இல்லை. இப்போது கதவு திறந்திருக்கிறது. ஆனால் உள்ளே எவ்வளவு கிடைக்கும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பக்கத்தை ஆயிரம் முறை பார்த்தால் 50 ரூபாய் வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். இது கூகுள் சொன்ன எண் இல்லை, நாம் கணக்குக்காக வைத்தது. எழுதும் விஷயம், படிப்பவர் இருக்கும் நாடு, பண்டிகை மாதமா சாதாரண மாதமா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். கூகுள் சேர்ந்த பணத்தை மாதாமாதம் சில்லறையாகக் கொடுக்காது. 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்பும். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய். ஆயிரத்துக்கு 50 வீதம் 9,000 ரூபாய் சேர 1,80,000 பார்வை வேண்டும். ஒரு நாளைக்கு 200 பேர் பார்க்கிறார்கள் என்றால் 900 நாள். கிட்டத்தட்ட இரண்டரை வருடம்!

இந்த இடத்தில் அந்தக் குழுவில் ஒரு அக்கா, "இதுக்கு நூறு நாள் வேலைக்கே போயிரலாமே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நாளுக்கு 200 பேர் என்பதுகூட முதல் மாதத்தில் வராது. ஆரம்பத்தில் நம் அண்ணன் மகளும் பக்கத்துக் குழு ஊக்குநரும்தான் படிப்பார்கள். மாதம் 20,000 சம்பாதிப்பவர்கள் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வருடக்கணக்கில் விடாமல் எழுதியவர்கள்.

நிஷா மதுலிகா என்று வடநாட்டுப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். 2007-ல் ஹிந்தியில் சமையல் வலைப்பூ எழுத ஆரம்பித்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருடம் எழுதிய பிறகு 2011-ல்தான் யூடியூபில் வீடியோ போடத் தொடங்கினார். இன்று நாடு முழுவதும் தெரிந்த சமையல் ஆசிரியர் அவர். ஐம்பது வயதில் ஆரம்பிக்கலாமா என்று கேட்கிற அக்காக்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவர் வீட்டுச் சைவச் சமையலைத்தான் எழுதினார். ஆனால் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு அந்த நான்கு வருடத்தை யாரும் மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் நமக்கு லாபம் எதில்?

விளம்பரக் காசை மட்டும் நம்பினால் தென்னம்பிள்ளையை வைத்துவிட்டு மறுநாள் காய் தேடுகிற கதைதான். ஆனால் குழுப் பெண்களான நம்மிடம் சும்மா எழுதுகிறவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. நாம் பொருள் செய்கிறோம். வலைப்பூவை அந்தப் பொருளுக்கு வாங்குபவரைக் கொண்டுவரும் பாதையாக வைத்துக்கொண்டால் கணக்கே மாறிவிடும்.

நம் பக்கத்துப் பனைத்தொழில் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். ஆண்கள் மரம் ஏறிப் பதநீர் இறக்குகிறார்கள். கருப்பட்டி காய்ச்சுவது முழுக்கப் பெண்கள் வேலை. அனலில் நின்று பதம் பார்க்கிறவர் பெயர் எங்கேயும் வருவதில்லை. சந்தையில் சீனி கலந்த கருப்பட்டி குவிந்து கிடக்கிறது. நல்லது எது, கலப்படம் எது என்று தெரியாமல் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளே திண்டாடுகிறார்கள். அவர்கள் போனில் தேடுகிறார்கள். தேடினால் வருவது எது? ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியது. அடுப்படியில் நின்றவர் எழுதியது அபூர்வம்.

உறுப்பினர் ஒருவரிடம் கருப்பட்டி காய்ச்சுவதைச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினோம்.

"விடியக்காலையில பதநீர் வந்ததும் வடிகட்டித் தாச்சியில ஊத்திரணும். நேரம் போனா புளிச்சிரும். சூடு ஏறுனா நுரை பொங்கி வழியப் பார்க்கும். ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டா அடங்கும். கிண்டிக்கிட்டே இருக்கணும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகக்கூடாது. கூப்பனி பதம் வந்து அதுக்கும் மேல இறுகும். ஒரு சொட்டைத் தண்ணியில விட்டுப் பார்த்தா கரையாம உருண்டு நிக்கணும். அப்ப இறக்கிச் சிரட்டையில ஊத்தணும். நல்ல கருப்பட்டியை உடைச்சுப் பாருங்க, உள்ள கருப்பா மங்கலா இருக்கும். சீனி போட்டது பளபளன்னு மினுங்கும்."

இதில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டுமா சொல்லுங்கள்? இரண்டு படத்தைச் சேர்த்தால் இதுவே ஒரு நல்ல வலைப்பூ பதிவு. இதைப் படிக்கிற ஆள் அடுத்து என்ன கேட்பார்? "இந்த அக்காகிட்டேயே வாங்க முடியுமா?" என்றுதான் கேட்பார்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாளுக்கு 200 பார்வை என்றால் மாதம் 6,000 பார்வை. முன்பு சொன்ன கணக்குப்படி விளம்பரத்தில் 300 ரூபாய். அதே 6,000 பார்வையில் பத்தே பத்து பேர் ஆளுக்கு இரண்டு கிலோ கேட்டார்கள் என்று வைப்போம். வியாபாரிக்குக் கொடுப்பதைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால் 1,200 ரூபாய். விளம்பரத்தைப் போல நான்கு மடங்கு. அதுவும் 100 டாலர் சேரும்வரை காத்திருக்காமல் அன்றன்றைக்கே கைக்கு வரும். பாக்கெட் போடுகிற செலவையும் தபால் செலவையும் விலையில் சேர்த்துச் சொல்ல மறக்காதீர்கள். இதை மறந்துதான் பலர் நஷ்டப்படுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீசனுக்கு முன்னாடியே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் காய்ச்சுகிற கருப்பட்டி எல்லாம் அவருக்குத்தான் போகும், அவர் சொன்ன விலைதான். வலைப்பூ அந்தக் கட்டை அவிழ்த்துவிடாது. முன்பணத்தை அடைக்கக் குழுக்கடன் வாங்கலாமா என்பது வேறு கேள்வி. அதைக் குழுவில் வைத்துப் பேசத்தான் வேண்டும். இப்போதைக்கு, கட்டுப்படாத சரக்கு பத்துக் கிலோ இருந்தால் அதை வைத்து ஆரம்பியுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. உணவுப் பொருள் எதை விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்கப் பதிவு எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு எளிய பதிவு முறை இருக்கிறது. அடுத்தது பெயர். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊரில் காய்ச்சியதை உடன்குடிக் கருப்பட்டி என்று எழுதி விற்கக் கூடாது, சட்டப்படி தப்பு. நம் ஊர்ப் பெயரையே போடுங்கள். நாலு பேர் ருசி பார்த்துவிட்டால் அந்தப் பெயரும் நிற்கும்.

கருப்பட்டி ஒரு உதாரணம்தான். ஓலைப்பெட்டி முடைவது, மண்பானை பழக்குவது, ஆட்டுக்குட்டி வளர்ப்பு, கம்பு, குதிரைவாலிப் பலகாரம், வங்கியில் குழுக்கடனுக்கு என்னென்ன காகிதம் கேட்கிறார்கள் என்பது, இவை எல்லாமே யாரோ ஒருவர் தேடிக்கொண்டிருக்கிற விஷயங்கள்.

நமக்கு எழுத வருமா?

"நான் எட்டாவதுதான் மேடம், நான் என்னத்த எழுத" என்று சொல்லாதவர் குறைவு. தீர்மானப் புத்தகத்தை வருடக்கணக்காக எழுதுகிறோமே, அது எழுத்து இல்லையா? யார் வந்தார்கள், என்ன பேசினோம், எவ்வளவு வசூல், யாருக்குக் கடன் என்று ஒரு வரி குறையாமல் எழுதுகிற கைக்கு இது பெரிய காரியம் இல்லை. நடந்ததை நடந்தபடி, அளவோடு, நேரத்தோடு எழுதினால் போதும். "சிறிது உப்பு" என்று எழுதாமல் "ஒரு கிலோ மாங்காய்க்கு ஒரு கைப்பிடிக் கல் உப்பு" என்று எழுதுங்கள். அலங்கார வார்த்தை வேண்டாம்.

டைப் அடிக்கத் தெரியாதவர்கள் போனில் கூகுள் விசைப்பலகையை இறக்கிக்கொண்டு, மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிவிடும். 2017-லிருந்தே தமிழுக்கு இந்த வசதி உண்டு. ஆனால் அது ல, ள, ழ எல்லாவற்றையும் குழப்பும். "பழம்" என்று சொன்னால் "பலம்" என்று எழுதி வைக்கும். எழுத்துப்பிழை பார்க்கிற ஒருவர் திருத்திக் கொடுக்க வேண்டும். டைப்பிங் சென்டரில் பாமினி எழுத்துருவில் பழகிய பிள்ளைகள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அவர்கள் யூனிகோடுக்கு மாறிக்கொள்ள வேண்டும். பாமினியில் அடித்ததை அப்படியே இணையத்தில் போட்டால் மற்றவர்களுக்குப் புரியாத ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்.

அதனால் ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத, இன்னொருவர் படம் எடுக்க, மூன்று பேர் சேர்ந்தால் வாரம் ஒரு பதிவு போடலாம். வாரச் சேமிப்பு மாதிரி, சின்னதாக இருந்தாலும் விடாமல் போட வேண்டும். ஒரே வாரத்தில் பத்து எழுதிவிட்டு மூன்று மாதம் காணாமல் போனால் படிக்கிறவர் மறந்துவிடுவார்.

அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போடாதீர்கள். சமையல் புத்தகத்திலிருந்தும் மற்ற வலைப்பூவிலிருந்தும் நகல் எடுப்பது காப்புரிமைச் சட்டப்படி குற்றம். கூகுளும் விளம்பரம் தர மறுத்துவிடும். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கி அப்படியே ஒட்டுவதும் இப்போது பரவியிருக்கிறது. அதனால் நமக்கு என்ன பிரயோஜனம்? இப்போது கூகுளில் ஒரு கேள்வி கேட்டால் மேலேயே இயந்திரம் எழுதிய பதில் வந்துவிடுகிறது. பலர் அதைப் படித்துவிட்டு நின்றுவிடுகிறார்கள், கீழே இருக்கிற பக்கங்களுக்குள் போவதே இல்லை. பொதுவாக எல்லோரும் சொல்வதை நாமும் எழுதினால் நம்மிடம் யாரும் வர மாட்டார்கள். நம் அடுப்படியில் நடந்தது இயந்திரத்துக்குத் தெரியாது.

நாட்டு வைத்தியம் எழுத ஆசைப்படுகிற அக்காக்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இருமலுக்குச் சுக்குக் கஷாயம் வைக்கிற பக்குவத்தை எழுதலாம். "இதைச் சாப்பிட்டால் சர்க்கரை வியாதி குணமாகும்" என்று எழுதிப் பொருளை விற்றால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரும். அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் வேறு.

கணக்கு யார் பெயரில்?

இதுதான் நான் அடித்துச் சொல்ல விரும்புகிற இடம். போன் மகனிடம் இருக்கிறது, ஜிமெயில் மகன் பெயரில் இருக்கிறது, "அம்மா நானே திறந்து தர்றேன்" என்று அவனும் ஆசையாகத்தான் சொல்லுவான். ஆட்சென்ஸ் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம் வரும். நீங்கள் வருடக்கணக்கில் எழுதி, பணம் வேறொருவர் வங்கிக் கணக்கில் விழுந்தால் பிறகு கேட்பது கஷ்டம். பிள்ளைகளை நம்பக் கூடாது என்று சொல்லவில்லை. குழு ஆரம்பித்தபோது ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும் என்று எதற்காக அலைந்தோமோ, அதே காரணம்தான் இதற்கும்.

உங்கள் பெயரில் ஜிமெயில், உங்கள் பெயரில் பான் அட்டை, உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் கணவர் பெயர் சேர்ந்து, இன்னொன்றில் அப்பா பெயர் முதலெழுத்தோடு இருந்தால் பணம் நின்றுபோகும். 18 வயது நிறைந்தவர்தான் கணக்குத் தொடங்க முடியும், ஒருவருக்கு ஒரு கணக்குத்தான். கடவுச்சொல்லைக் குழுவில் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

10 டாலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு ரகசிய எண்ணைச் சாதாரணத் தபாலில் வீட்டு முகவரிக்கு அனுப்பும். அது வர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். நம் கிராமங்களில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அதனால் முகவரியில் கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாம் சரியாகக் கொடுத்து, தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்தபிறகு, அடுத்த மாதம் 21-லிருந்து 26-ஆம் தேதிக்குள் பணம் அனுப்புவார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் என்பதால் ஸ்விஃப்ட் எண் என்று ஒன்று கேட்கும். சின்னக் கிளைகளுக்கு அது இருக்காது. வங்கியில் கேட்டால் எந்தக் கிளையின் எண்ணைப் போட வேண்டும் என்று சொல்வார்கள்.

மூன்று பேர் சேர்ந்து எழுதுவதாக இருந்தால், யார் பெயரில் கணக்கு, வரும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதை முதல் பதிவு போடுவதற்கு முன்பே தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். முதலில் போன் ரீசார்ஜ் செலவு, பிறகு எழுதுபவர், சொல்பவர், படம் எடுப்பவர் பங்கு என்று எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். காசு வந்தபிறகு பேசினால் சண்டைதான்.

அப்புறம், நம் குழுக்களில் பாசம் ஜாஸ்தி. "அக்கா, உன் பக்கத்துல வர்ற விளம்பரத்தை நாங்க பதினைஞ்சு பேரும் தினம் பத்து தடவை அமுக்குறோம்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம்! நாமே அமுக்குவதும், மற்றவரை அமுக்கச் சொல்வதும் விதிக்குப் புறம்பானது. கூகுள் கண்டுபிடித்துக் கணக்கையே மூடிவிடும். இத்தனை நாள் உழைப்பும் போகும்.

வெளியாட்கள் படிக்கிற இடம் என்பதால் வீட்டு முகவரி, பிள்ளைகள் படம், பள்ளிக்கூடப் பெயர் எதையும் போடாதீர்கள். ஆர்டர் வாங்கத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். குழுப் படத்தைப் போடுவதாக இருந்தால் படத்தில் இருக்கிற எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பணம் கேட்டு வருகிறவர்கள்

வலைப்பூ திறக்கவோ ஆட்சென்ஸில் சேரவோ கூகுள் ஒரு பைசா கேட்பதில்லை. ஊரிலோ போனிலோ வந்து பதிவுக் கட்டணம், டெபாசிட், உறுதி வருமானம் என்று யார் சொன்னாலும் அவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். கற்றுக்கொடுக்கிறவர் நியாயமான கட்டணம் வாங்குவது வேறு, வருமானத்துக்கு உறுதி கொடுப்பது வேறு. அந்த உறுதியை யாராலும் கொடுக்க முடியாது.

டைப்பிங் வேலை என்ற பெயரில் இன்னொரு ஏமாற்று நடக்கிறது. முதலில் காசு கேட்க மாட்டார்கள். போனில் ஒப்பந்தம் என்று ஒன்றை அனுப்பி ஆதார் நகல் வாங்கிக்கொள்வார்கள். ஒரு வாரம் நூற்றுக்கணக்கான பக்கம் அடிக்கச் சொல்லிவிட்டு, "தப்பு இருக்கு, ஒப்பந்தத்தை மீறிட்டீங்க, அபராதம் கட்டலேன்னா கோர்ட் கேஸ்" என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை அனுப்புவார்கள். பயந்து வீட்டில் சொல்லாமல் நகையை அடகு வைத்துக் கட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது இணையப் பணமோசடிக்கான அரசு உதவி எண். பணம் போய்விட்டது என்றால் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். வெட்கப்பட்டு நாலு நாள் தாமதிக்காதீர்கள். குழுவில் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

வலைப்பூவுக்கென்று உள்கடன், வங்கிக் கடன் எதுவும் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. கையில் இருக்கிற போன், மாதம் போடுகிற ரீசார்ஜ், வாரம் மூன்று மணி நேரம், இவ்வளவுதான் முதலீடு. ஆறு மாதம் விடாமல் எழுதி, ஆர்டரும் வர ஆரம்பித்துவிட்டால், அப்போது பாக்கெட் சீல் போடும் மெஷினுக்குக் கடன் கேளுங்கள். அதற்குக் குழு தாராளமாகக் கொடுக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் இதற்கென்று உட்கார்வோம். விருப்பமுள்ளவர்கள் போன், பான் அட்டை, பாஸ்புக் மூன்றையும் எடுத்து வாருங்கள், பெயர் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். அதோடு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை ஒரு பக்கம் நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுத முடியாதவர்கள் வந்து சொல்லுங்கள், பிரதிநிதிகள் எழுதித் தருவார்கள்.